ஒரே ஒப்பந்தம், மூன்று தானியம்: கணக்கு குழம்பாமல் இருக்க 20 குறிப்புகள்

பெரம்பலூர், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரிக் குடும்பங்களில் ஒரே பருவத்தில் மக்காச்சோளமும் கம்பும் உளுந்தும் வீட்டுக்கு வருவது வழக்கம். மூன்றையும் ஒரே வியாபாரியிடமோ ஒரே நிறுவனத்திடமோ பேசி, ஒரே தாளில் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறவர்கள் இப்போது அதிகம். தாள் ஒன்றுதான். ஆனால் எடை, ஈரப்பதம், விலை, கெடு எல்லாம் தானியத்துக்குத் தானியம் வேறு. “கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டால், எந்தத் தானியத்தில் எவ்வளவு போனது என்றே தெரியாமல் போகும்.

கைப்பேசியில் கூகுள் ஷீட்ஸ், கணினியில் எக்செல், பண்ணைக் கணக்குச் செயலி, எது இருந்தாலும் இந்தக் குறிப்புகள் பொருந்தும். வீட்டில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கும் உதவும்.

தொடங்கும்போது

1. ஒப்பந்தத்துக்கு ஓர் எண், தானியத்துக்கு ஒரு வரி. மற்ற எல்லாக் குறிப்புகளுக்கும் இதுதான் அடிப்படை. இரண்டு பக்கங்கள் திறந்துகொள்ளுங்கள். முதலாவதான தலைப்புப் பக்கத்தில் வாங்குபவர் பெயர், கையெழுத்தான தேதி, பணம் தர வேண்டிய கெடு போன்ற பொது விவரங்கள். அந்த ஒப்பந்தத்துக்கு 26-01 என்று எண் கொடுங்கள். இரண்டாம் பக்கத்தில் 26-01-1 மக்காச்சோளம் 100 குவிண்டால், 26-01-2 கம்பு 20 குவிண்டால், 26-01-3 உளுந்து 12 குவிண்டால் என்று தனித்தனி வரிகள். விலை, ஈரப்பத வரம்பு, ஒப்படைக்கும் மாதம் எல்லாம் வரியில்தான் வர வேண்டும், தலைப்பில் அல்ல.

2. தானியப் பெயரைத் தட்டச்சு செய்யாதீர்கள், தேர்ந்தெடுங்கள். ஒருவர் “மக்காச்சோளம்” என்பார், இன்னொருவர் “மக்கா” என்பார், மூன்றாமவர் வெறும் “சோளம்” என்று போட்டுவிடுவார். மென்பொருளுக்கு இவை மூன்றும் மூன்று பொருள்கள். உண்மையிலேயே சோளமும் விளைவிக்கிற வீட்டில் இரண்டு கணக்கும் கலந்துவிடும். தானியங்களின் பட்டியலை ஓர் ஓரத்தில் எழுதி, அதிலிருந்து மட்டும் தேர்வு செய்யும் கீழ்விரி பட்டியலாக அந்தக் கட்டத்தை மாற்றிவிடுங்கள். வாங்குபவர் பெயருக்கும் இதையே செய்யலாம்.

3. எண் கட்டத்தில் எண் மட்டும். “100 குவி” என்று எழுதினால் மென்பொருள் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் சேர்க்காமல் விட்டுவிடும், எச்சரிக்கையும் வராது. அலகைப் பத்தியின் தலைப்பில் எழுதிவிட்டு, கட்டத்தில் 100 என்று மட்டும் போடுங்கள். தேதியிலும் கவனம் வேண்டும். நாடு அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் 03/04 என்பது மார்ச் 4 ஆகிவிடும். அமைப்பில் ஒருமுறை இந்தியா என்று மாற்றினால் போதும்.

4. எல்லாம் குவிண்டாலில், மூட்டைக்குத் தனி அட்டவணை. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. வியாபாரியிடம் அதே நெல் மூட்டை 60 கிலோவாகவும் இருக்கும், 75 கிலோவாகவும் இருக்கும். ஆகவே “50 மூட்டை” என்ற பதிவுக்குத் தனியாகப் பொருள் இல்லை. தானியம், வாங்குபவர், மூட்டைக்கு எத்தனை கிலோ என்று ஒரு சிறு அட்டவணை போட்டு, அதிலிருந்து மென்பொருளே குவிண்டாலுக்கு மாற்றும்படி செய்யுங்கள். வெளிநாட்டுச் செயலி என்றால் இன்னும் உஷார்: அமெரிக்கப் புஷல் கணக்கில் ஒரு புஷல் மக்காச்சோளம் 56 பவுண்டு, சோயாவும் கோதுமையும் 60 பவுண்டு, ஓட்ஸ் 32 பவுண்டு. அலகை முதல் நாளே கிலோவுக்கோ குவிண்டாலுக்கோ மாற்றிவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும்.

5. குவிண்டாலைக் கூட்டாதீர்கள், ரூபாயைக் கூட்டுங்கள். மேலே சொன்ன ஒப்பந்தத்தில் மொத்தம் 132 குவிண்டால் வருகிறது. 120 குவிண்டால் கொடுத்துவிட்டால் வேலை முக்கால்வாசிக்கு மேல் முடிந்ததுபோலத் தோன்றும். மிச்சமிருக்கும் அந்த 12 குவிண்டாலும் உளுந்தாக இருந்தால், ரூபாய்க் கணக்கில் கணிசமான பங்கு ஒன்று இன்னும் கொடுக்கப்படவே இல்லை. எடையின் கூட்டுத்தொகை தானிய வரிக்குள்ளேயே நிற்கட்டும். ஒப்பந்தத் தலைப்பில் வர வேண்டியது பண மதிப்பு மட்டும்.

விலையும் தரமும்

6. விலை எந்த வகை என்று ஒரு பத்தி வையுங்கள். ஒரே ஒப்பந்தத்தில் மக்காச்சோளத்துக்கு நிலையான விலை, கம்புக்கு ஒப்படைக்கும் நாளின் சந்தை விலை, உளுந்துக்குக் குறைந்தபட்ச விலையோடு சந்தை உயர்ந்தால் கூடுதல் என்று மூன்று விதமாகப் பேசியிருக்கலாம். நிலையான விலைக்கு எண்ணை எழுதினால் போதும். சந்தை விலை என்றால் எந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், எந்த நாள், அன்றைய உச்ச விலையா சராசரி விலையா என்ற மூன்றையும் எழுதுங்கள். வெறுமனே “சந்தை விலை” என்று எழுதிய வரியில்தான் சண்டை வரும். அன்றைய நிலவரத்தை உழவன் செயலியிலோ இ-நாம் தளத்திலோ பார்த்து, திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஆதரவு விலையைப் பக்கத்திலேயே போடுங்கள். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26 காரீஃப் பருவத்துக்கு, குவிண்டாலுக்கு மக்காச்சோளம் 2,400 ரூபாய், கம்பு 2,775, உளுந்து 7,800, சாதா நெல் 2,369. தனியார் வியாபாரி இந்த விலைதான் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் பேசிய விலைக்குப் பக்கத்தில் இது இருந்தால், எந்தத் தானியத்தில் நாம் இறங்கிப் போயிருக்கிறோம் என்பது ஒரே பார்வையில் தெரியும். ஒன்றில் விலை ஏற்றிக் கொடுத்து இன்னொன்றில் குறைத்துவிடுவது கூட்டு ஒப்பந்தத்தில் சகஜம். ஒவ்வோர் ஆண்டும் புது அறிவிப்பு வந்ததும் இந்தப் பத்தியை மாற்றிவிடுங்கள்.

8. ஈரப்பத வரம்பு தானியத்தோடு போகும். அரசுக் கொள்முதல் தர வரையறையில் நெல்லுக்கு 17 சதவீதம், மக்காச்சோளத்துக்கு 14, உளுந்துக்கு 12. ஒப்பந்தத்தில் “ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மிகாமல்” என்று பொதுவாக ஒரே வரி இருந்தால், அது உளுந்துக்குச் சரி, மக்காச்சோளத்துக்கு நஷ்டம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தானிய வாரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

9. ஈரக் கழிவைச் சூத்திரம் கணக்கிடட்டும். நீங்கள் கொண்டுபோன மக்காச்சோளம் 50 குவிண்டால், ஈரம் 17 சதவீதம், வரம்பு 14 என்று வைத்துக்கொள்வோம். 17 சதவீத ஈரம் என்றால் 100 கிலோவில் 83 கிலோதான் உலர்ந்த பொருள். அதை 14 சதவீத அளவுக்கு மாற்ற, 5,000 கிலோவை 83ஆல் பெருக்கி 86ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 4,826 கிலோ. நியாயமான கழிவு 174 கிலோ. “ஒரு பாயின்ட் ஈரத்துக்கு ஒன்றரை கிலோ” என்று குவிண்டாலுக்குக் கழித்தால் 225 கிலோ போய்விடும். வித்தியாசம் 51 கிலோ. குவிண்டால் 2,400 ரூபாய் என்றால் ஏறக்குறைய 1,200 ரூபாய். ஒரு பாயின்டுக்கு ஒரு கிலோ என்றால் கழிவு 150 கிலோதான், அது நமக்கு லாபம். சூத்திரத்தை ஒருமுறை கட்டத்தில் எழுதிவிட்டால், எந்த வியாபாரி எப்படிக் கழித்தாலும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த 86 என்ற எண் மக்காச்சோளத்துக்கானது. உளுந்துக்கு வரம்பு 12 என்பதால் 88 வரும். தானிய வரியில் உள்ள ஈரப்பத வரம்புப் பத்தியிலிருந்து மென்பொருளே இதை எடுத்துக்கொள்ளட்டும்.

10. கிலோவில் கழிப்பது வேறு, ரூபாயில் கழிப்பது வேறு. ஈரம், தூசி, சொத்தை, உடைசல், சாக்கு எடை ஆகியவை கிலோவில் போகும். கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை ஆகியவை ரூபாயில் போகும். இரண்டையும் “கழிவு” என்று ஒரே பத்தியில் போட்டால் எதற்காக எவ்வளவு போனது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி வையுங்கள். இல்லாத இடத்தில் பூஜ்ஜியம் போடுங்கள். வெற்றுக் கட்டம் என்றால் மறந்துபோனதா, கழிவே இல்லையா என்று தெரியாது.

ஒப்புக்கொள்ளும் அளவு

11. விளைச்சல் முழுவதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். தானிய வாரியாகக் கடந்த மூன்று பருவ விளைச்சலைப் பதிவு செய்து, அதில் மிகக் குறைந்த ஆண்டைப் பாருங்கள். மானாவாரி நிலத்தில் அந்த அளவை ஒட்டி ஒப்பந்தம் போடுவதே நிம்மதி. விதைக்கு, வீட்டுச் சாப்பாட்டுக்கு, மாட்டுத் தீவனத்துக்கு என்று எடுத்துவைப்பதை முதலில் கழித்துவிடுங்கள். இரண்டு வியாபாரிகளோடு ஒப்பந்தம் இருந்தால், ஒரே தானியத்தின் எல்லா வரிகளையும் சேர்த்துக் காட்டும் ஒரு கூட்டல் கட்டாயம் வேண்டும். ஒரே உளுந்தை இருவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

12. கூடுதல் குறைவுக்கு இடம் கேளுங்கள். விளைச்சல் ஒப்பந்த அளவோடு கிலோ சுத்தமாகப் பொருந்தாது. 5 சதவீதம் கூடலாம், குறையலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் 100 குவிண்டாலுக்கு 95 முதல் 105 வரை கொடுத்தாலும் நிறைவேறியதாகவே பொருள். 105-க்கு மேல் போனால் என்ன விலை என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். இந்த வரம்பு ஒவ்வொரு தானியத்துக்கும் தனியாக வேண்டும். ஒப்பந்த மொத்தத்துக்கு என்று எழுதினால் ஐந்தாம் குறிப்பில் சொன்ன குழப்பம் திரும்ப வரும்.

13. ஒன்று பொய்த்தால் மற்றவை என்ன ஆகும்? பல தானிய ஒப்பந்தத்தில் பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. 2018-இல் அமெரிக்கப் படைப்புழு வந்தபோது மக்காச்சோளம் அடிவாங்கியது. அதற்காக எல்லாப் பயிரும் போய்விடவில்லை. ஆகவே மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். மக்காச்சோளம் குறைந்தாலும் கம்பு, உளுந்து வரிகள் அப்படியே செல்லுமா? கொடுத்துவிட்ட தானியத்தின் பணத்தை, கொடுக்காத தானியத்தைக் காட்டி நிறுத்திவைக்கலாமா? குறைந்த தானியத்துக்குப் பதில் வேறு தானியம் கொடுக்கலாமா, கொடுத்தால் எந்த விகிதத்தில்? விடைகளைத் தலைப்புப் பக்கத்தில் ஒரு வாக்கியமாகப் பதிந்துவையுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீடு செய்திருந்தால், அந்தத் தானியத்தின் வரியிலேயே காப்பீட்டு எண்ணையும் போடுங்கள். உணவு தானியம், எண்ணெய் வித்துகளுக்கு விவசாயியின் பங்கு காரீஃபில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம். ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குதல் போல அந்த வயலை மட்டும் தாக்கும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கைப்பேசியில் காப்பீட்டு எண் தயாராக இருந்தால் அந்த அவசரத்தில் தேட வேண்டியிருக்காது.

வண்டி கிளம்பும்போது

14. ஒவ்வொரு லோடும் ஒரு வரி எண்ணோடு சேர வேண்டும். தேதி, வண்டி எண், எடைச் சீட்டு எண், மொத்த எடை, வெறும் வண்டி எடை, நிகர எடை, ஈரப்பதம் என்று எழுதி, இது 26-01-1-க்கு என்று குறித்துவிடுங்கள். ‘சம்இஃப்ஸ்’ (SUMIFS) சூத்திரம் கூட்டித் தரும் அளவை ஒப்பந்த அளவிலிருந்து கழித்தால், மிச்சம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது தானாகவே வரும். ஒரே வண்டியில் இரண்டு தானியம் ஏற்றினால் எடை மேடையில் மூன்று முறை நிறுத்துங்கள்: ஏற்றியபடி, ஒரு தானியம் இறக்கிய பின், வெறும் வண்டியாக. மூன்று எடைகளும் 9,240, 4,310, 3,180 கிலோ என்று வந்தால், முதலில் இறக்கியது 4,930 கிலோ, அடுத்தது 1,130 கிலோ. இரண்டாம் எடையை விட்டுவிட்டால் எது எவ்வளவு என்பது மூட்டை எண்ணிக்கையை நம்பிய ஊகம்தான்.

15. சீட்டை அங்கேயே படம் எடுங்கள். எடை மேடைச் சீட்டின் அச்சு சில மாதங்களில் வெளுத்துப்போகலாம். படத்துக்கு வரி எண்ணையும் தேதியையும் பெயராக வைத்து, ஒப்பந்தத்துக்கு ஒரு கோப்புறையில் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தது பதிவாகாது. கைப்பேசி மாறினால் அதோடு போய்விடக்கூடும்.

16. கிடங்கில் இருப்பதும் கணக்கில் வரட்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கியிருந்தாலோ, பதிவு பெற்ற கிடங்கின் மின்னணு ரசீதை வங்கியில் அடகு வைத்திருந்தாலோ, அந்தச் சரக்கைக் கடன் தீர்க்காமல் எடுக்க முடியாது. “வீட்டில்”, “கிடங்கில்”, “அடமானத்தில்” என்று இருப்பு நிலைக்கு ஒரு பத்தி வையுங்கள். அடமானத்தில் இருக்கும் உளுந்தை அடுத்த வாரம் ஒப்படைப்பதாக வாக்குக் கொடுக்கும் தவறு இதனால் நேராது.

பணம்

17. முன்பணத்தையும் இடுபொருளையும் தானியத்துக்குப் பிரியுங்கள். நிறுவனம் விதை, உரம், மருந்து கொடுத்து, கடைசியில் பிடித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களில் இது முக்கியம். மக்காச்சோள விதைக்கான தொகையை முதலில் ஒப்படைத்த கம்பில் பிடித்துவிட்டால், கம்பு நஷ்டம், மக்காச்சோளம் லாபம் என்று கணக்கு பொய் சொல்லும். வாங்கும்போதே எந்த வரிக்கானது என்று எழுதி, பொதுவான முன்பணத்தை ஒவ்வொரு தானியத்தின் மதிப்பு விகிதத்தில் பிரியுங்கள்.

18. கெடு தாண்டினால் கட்டம் சிவக்கட்டும். ஒப்படைத்த தேதியோடு ஒப்பந்தத்தில் சொன்ன நாள்களைக் கூட்டிக் கெடு தேதியை வரவழைத்து, நிபந்தனை வண்ணம் போடும் வசதியை இயக்கிவிடுங்கள். வங்கியில் மொத்தமாக ஒரு தொகை வந்தால், எந்த லோடுகளுக்கு என்று வாங்குபவரிடம் கேட்டுப் பிரித்துப் பதிவு செய்யுங்கள். பிரிக்காத தொகையை “முன்வரவு” என்று தனியே வையுங்கள், ஏதோ ஒரு வரியில் தள்ளிவிட வேண்டாம்.

பாதுகாப்பு

19. பழைய எண்ணை அழிக்காதீர்கள். மென்பொருளைச் சோதித்து வாங்குங்கள். விலையோ அளவோ மாறினால் பழையதன் மேல் புதியதை எழுதாமல், தேதியும் காரணமும் சேர்த்துப் புது வரி போடுங்கள். வாங்குபவரோடு கோப்பைப் பகிர்ந்தால் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். மென்பொருளுக்குக் கட்டணம் கட்டும் முன் நான்கு கேள்விகள்: ஒரு ஒப்பந்தத்தில் பல தானியம் சேர்க்க முடிகிறதா? தானியத்துக்குத் தனி ஈரப்பத வரம்பு உண்டா? சிக்னல் இல்லாத களத்துமேட்டில் வேலை செய்யுமா? மொத்தப் பதிவையும் எக்செலாக வெளியே எடுக்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் வேண்டாம். சந்தாவை நிறுத்திய அன்றே உங்கள் கணக்கும் கைவிட்டுப் போகும். கணினிப் பதிவு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கையெழுத்திட்ட தாளுக்கு ஈடாகாது. ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாட்டில் 2019-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் அதில் பதிவாகக் கூடியதா என்று வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

20. பருவம் முடிந்ததும் ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு தானிய வரியிலும் கடைசியாகக் கைக்கு வந்த ரூபாயை, வண்டியில் ஏற்றிய குவிண்டாலால் வகுங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய விலை அல்ல, இதுதான் உங்களுக்குக் கிடைத்த விலை. இரண்டுக்கும் இடையே எந்தத் தானியத்தில் இடைவெளி அதிகம், அது ஈரத்தில் போனதா, கூலியில் போனதா, கமிஷனில் போனதா என்று பத்தாம் குறிப்பின் பத்திகள் சொல்லிவிடும். ஈரம் என்றால் களத்தில் இரண்டு நாள் கூடுதலாகக் காயவைக்கலாம். கூலி என்றால் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து முழு லோடாக அனுப்பலாம். கமிஷன் என்றால், அடுத்த ஒப்பந்தம் பேசும்போது அந்தத் தானியத்தை மட்டும் தனியாகப் பிரித்து வேறொருவரிடம் விலை கேளுங்கள்.